ஒருவழிச் சுவர்

சுவருக்கு இந்தப் பக்கம் கோச், கூரியர்காரன், தவளை என்று எல்லோரும் கூப்பிடும் கல்லூரிப் பெண், பிறகு எக்ஸ்ரே அக்கா.

அந்தப் பக்கம் ஒருவன்தான். அக்காவின் புருஷன்.

வீடுகளின் பின்புறச் சந்து. இப்போதுதான் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. இந்த நேரத்தில் அவன் பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பல் துலக்குவான்.

சுவர் அக்காவின் தலைக்கு ஒரு முழம் மேலே. அதன்மேல் கண்ணாடிச் சில்லு பதிக்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். எல்லாவற்றையும் போல அதையும் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தான்.

அரை வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தவளின் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. பூட்டை மாற்றியிருந்தான். ஜன்னல் வழியாக, "உங்கம்மா வீட்டுக்குப் போ" என்றான்.

அம்மாவுக்கு ஏது வீடு? அண்ணன் வீட்டு வரவேற்பறையில் ஒரு கட்டில், அவ்வளவுதான்.

வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயரும் இருக்கிறது. அதைச் சொல்லப் போன இடத்திலெல்லாம் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய்த்தான் ஓடக் கற்றுக்கொள்ள வந்தாள்.

ஓடிவந்து சுவரேறிக் குதிக்கும் இந்த வித்தைக்குப் பார்க்கூர் என்று பெயர். முதலில் விழத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உருண்டு உருண்டு தோள் கன்றிப்போனது. அதற்கெல்லாம் அவள் அசரவில்லை.

அவள் பிழை வேறு. நன்றாகத்தான் ஓடிவருவாள். சுவர் நெருங்கியதும் கால் தானாகக் குட்டிக் குட்டி அடி வைக்கும். வேகம் செத்துவிடும். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போகும். அப்படிப் போன மணிக்கட்டுகளைப் படம் எடுத்துத்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள். அது கால்களுக்கும் தெரிந்திருந்தது.

கூடவே ஒரு பிடிவாதம். ஏறிப்போன சுவரைத் திரும்பி ஏறி வரவும் பழக வேண்டும் என்பது கோச்சின் சட்டம். மாட்டேன் என்றுவிட்டாள். ஒருவழி போதும் என்றாள்.

உள்ளே தன் சான்றிதழ்ப் பை இருக்கிறது, எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வந்துவிடுவேன் என்று மூவரிடமும் சொல்லியிருந்தாள்.

ஓடினாள்.

குட்டி அடி. முழங்கால் சுவரில் மோதியது. முகவாய் சிராய்த்தது.

"என்னக்கா, சுவரு என்ன உங்க மாமியாரா? கிட்ட போனதும் பம்முறீங்க?" என்று கிசுகிசுத்தான் கூரியர்காரன்.

"மாமியாரா இருந்தா இந்நேரம் ஏறி மிதிச்சிருப்பேன்டா."

தவளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோச் சிரிக்கவில்லை.

"சுவரைப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் எங்க கால் வைக்கப் போறீங்களோ, அதைப் பாருங்க."

அந்தப் பக்கத்தைக் கோச் பார்த்ததில்லை. அவளுக்கு அது மனப்பாடம். துணி காயும் கொடி, ஓரத்தில் குழாய், ஞாயிறுதோறும் அவள் மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவிய சிமெண்டுத் தரை.

என் தரை, என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி ஓடினாள். இந்தமுறை அடிகள் சுருங்கவில்லை. ஒரு கால் சுவரை உதைத்தது, உடம்பு மேலே போனது, விரல்கள் விளிம்பைக் கவ்வின. முழங்கை, வயிறு, இடுப்பு. பிறகு வெறும் காற்று.

தோள்பட்டையில் உருண்டு எழுந்தாள். மணிக்கட்டு பிழைத்தது.

பின்வாசல் படியில் பனியனும் பிரஷ்ஷுமாக அவன், பேயறைந்தவன் போல நின்றான்.

சுவருக்கு அப்பால் கைதட்டலும் விசிலும் கூரியர்காரனின் கூச்சலும் கேட்டன. அதைக் கேட்டுத்தான் அவனுக்கு உயிர் வந்தது. பிரஷ்ஷை வாயிலிருந்து உருவிக்கொண்டு, "எவன்டா அங்க?" என்று சுவரை நோக்கிப் பாய்ந்தான். ஆம்பளைக் குரல் கேட்ட பிறகு அவளை அவன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எம்பி எம்பிப் பார்த்தான். விளிம்பு கைக்கு எட்டியது; உடம்பு மேலே போகவில்லை.

அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நடந்து வீட்டுக்குள் போனாள்.

எதையும் எடுக்கவில்லை. பை என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

அந்தப் பின்முற்றத்துக்கு இந்தக் கதவைத் தவிர வேறு வாசலும் இல்லை.

"ஏய், என்ன பண்றே? ஏய்!"

நுரை வழியும் வாயோடு அவன் திரும்பி ஓடிவந்தான். முதல் படிக்கு வந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். சாவி உள்பக்கத் துவாரத்திலேயே இருந்தது.

அதை இரண்டு முறை திருப்பினாள்.