இதையும் சேர்த்துப் படியுங்கள்

"திருடலைன்னா திறந்து காட்ட வேண்டியதுதானே? எதுக்கு இந்தப் பயம்?"

பெரிய கம்பெனியின் வக்கீல் மேசையைத் தட்டினார். அண்ணி லேப்டாப்பை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

பக்கத்தில் கொழுந்தன். அவன் எழுதிய ப்ரோக்ராம் திருட்டு என்று கம்பெனி போட்ட வழக்கில் தோற்றால் அண்ணியின் இணையப் புத்தகக் கடை காலி. அது தெரிந்தும் ஆளுக்கு உச்சி குளிர்ந்திருந்தது. பின்னே? எந்தப் புத்தகம் எதோடு ஒத்துப்போகும் என்று கண்டுபிடிக்கும் கணக்குக்கு அவ்வளவு பெரிய கம்பெனி காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறது. அதே கணக்கை இவன் வீட்டில் உட்கார்ந்தபடி ஒற்றை ஆளாகப் போட்டிருக்கிறான் என்றால் சும்மாவா!

'இதையும் சேர்த்துப் படியுங்கள்' என்று அவன் ப்ரோக்ராம் காட்டினால் போதும், வாசகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். வருகிற பாராட்டையெல்லாம் அண்ணி சத்தமாகப் படித்துக் காட்டுவாள்.

"குடுங்க அண்ணி. நான் சொந்தமா எழுதினது. நமக்கென்ன பயம்?"

"வேணாம் தம்பி. கடையை மூடிடறேன்னு எழுதிக் குடுத்துடறேன். விட்டுடு."

அவனுக்குச் சுருக்கென்றது.

"அப்போ நான் திருடியிருப்பேன்னு நீங்களே நினைக்கறீங்க, அதானே?"

"ஐயோ, அப்படியில்லப்பா..."

அவன் காதில் வாங்கவில்லை. லேப்டாப்பை வெடுக்கென்று பிடுங்கி, கம்பெனி கூட்டி வந்திருந்த நிபுணரிடம் நீட்டினான்.

நிபுணர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடி படித்தார். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"சார், இது நம்ம கணக்கே இல்லை. உண்மையைச் சொன்னா, எந்தக் கணக்குமே இல்லை. துப்பறியும் நாவல் வாங்கினவருக்குக் குழாய் ரிப்பேர் புத்தகத்தைக் காட்டுது. கேஸை வாபஸ் வாங்கிடலாம்."

கடை தப்பித்தது! ஆனால் கொழுந்தன் முகம் தொங்கிப்போனது.

"அப்போ நாலு வருஷமா ஜனங்களுக்குச் சரியான புத்தகம் எப்படிப் போச்சு?"

நிபுணர் திரையை அவன் பக்கம் திருப்பினார். "தினமும் காலைல, கடை திறக்கறதுக்கு முன்னாடி, ப்ரோக்ராம் காட்டினதை யாரோ உட்கார்ந்து ஒவ்வொண்ணாக் கையாலயே மாத்தியிருக்காங்க. அந்தந்தப் புத்தகத்தை முழுசாப் படிச்சவங்கதான் இப்படிப் பண்ண முடியும். இது யாரோட லாகின்?"

பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இதை மறைக்கவா கடையையே மூடப் பார்த்தீங்க?"

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"கடை போனா வேற கடை போட்டுக்கலாம் தம்பி. வேலை போயி ஆறு மாசம் ரூமை விட்டு வெளியவே வராதவன், இந்த ப்ரோக்ராமை முடிச்ச அன்னிக்குத்தான் எங்களோட உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டே. அது தப்புன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"