மெஷின் தொடாத வரி

வாடிக்கையாளருக்கு அனுப்பும் சாஃப்ட்வேரைப் பேக்கேஜாகக் கட்டும் மெஷின், துவாரகேஷ் எழுதிய ஸ்கிரிப்டில் முதல் வரியை மறுபடியும் மாற்றியிருந்தது. ஸ்கிரிப்டைப் படித்து ஓட்ட வேண்டிய புரோகிராம் கம்ப்யூட்டரில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி அது. அந்த இடத்தில் மெஷின் தனக்குள் அந்தப் புரோகிராம் இருக்கும் பாதையை எழுதி அனுப்பிவிட்டது. வாடிக்கையாளரிடம் அப்படி ஒரு பாதையே இல்லை. ஸ்கிரிப்ட் அங்கே போய்ச் செத்தது.

"ஃபைல்ல உன் பேருதானே தம்பி இருக்கு?" என்றார் டீம் லீட் கருணாகரன்.

"மாத்துறது நீங்க வச்ச மெஷின் சார். இந்த ஃபைலை மட்டும் விட்டுடச் சொல்லுங்கன்னு எத்தனை வாட்டி கேக்குறது?"

"அது நல்லதுக்குத்தான் மாத்துது. இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா ஊருக்கு டிக்கெட் போட்டுக்க."

துவாரகேஷ் கழிப்பறைக்குள் போய் ஃபோனிடம் கத்தினான். ஃபோன் அதை எழுத்தாக்கி அக்காவுக்கு அனுப்பியது: "மாத்துனது அது, மாட்டுனது நான்க்கா!"

பதில் உடனே வந்தது: "கோவத்துல எதையும் பண்ணிடாதடா. விசா போயிடும்."

இருக்கைக்குத் திரும்பினான். முதல் வரியைத் திருத்தவில்லை. எப்படியும் மெஷின் மாற்றிவிடும். அது ஒருநாளும் தொடாத இரண்டாவது வரியில், 'எழுதியவர்' என்பதற்குப் பக்கத்தில் இருந்த தன் பெயரை அழித்தான். 'கருணாகரன்' என்று நிதானமாக அடித்தான். அனுப்பும் பட்டனை அழுத்தினான்.

மெஷின் பேக்கேஜைக் கட்ட ஆரம்பித்தது.