சாமி ஏறாத தேர்

மனோகரி சமையல் முடிந்த குசினியில் டிக்கெட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுவிய கையின் ஈரம் பட்டு அது நனைந்துவிடக் கூடாது.

இன்றைக்கோ சனிக்கிழமையோ, எந்த நாளும் செல்லும் அந்த டிக்கெட்டைக் கொடுத்தவள் ஊர்சுலா. பாசல் நகரத்தில் இந்தச் சின்ன நாடக அரங்கை நடத்துகிறவள். மனோகரி அங்கே துப்புரவு வேலைக்காரி.

கொடுக்கும்போது, இன்றைய காட்சிக்கு ஊர்சுலா ஒரு நீளமான ஜெர்மன் சொல்லைச் சொன்னாள். யோகராஜாவுக்கு அது சட்டென்று தமிழில் வரவில்லை. ரெஸ்டோரண்டில் சட்டி கழுவப் போகிற வழியில், மொழிபெயர்த்துச் சொல்வதற்காக ட்ராமை விட்டு இறங்கி வந்தவன். தலையைச் சொறிந்தான்.

பிறகு சிரித்தான்.

"வெள்ளோட்டம் அக்கா. எங்கட தேர் வெள்ளோட்டம் மாதிரி. சாமியை ஏத்தாமல் சும்மா இழுத்துப் பார்க்கிறது. அச்சுத் தாங்குதோ, சில்லு உருளுதோ எண்டு. சனிக்கிழமைதான் உண்மையான தேர்."

மனோகரிக்கு விளங்கிவிட்டது.

"நீங்கள் சனிக்கிழமை வாங்கோ. பேப்பர்க்காரர் வருவினம், பூ குடுப்பினம். நல்ல சீலை உடுத்துக்கொண்டு முன்வரிசையில இருக்கலாம். சாமி இல்லாத தேருக்கு ஆர் அக்கா தேங்காய் உடைக்கிறது?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. இன்றைக்கு வசனம் தடுமாறலாம், விளக்கு நேரம் தவறி எரியலாம். போகிறவர்கள் முழுமையானதைப் பார்க்கத்தானே போவார்கள்.

இரண்டு தரம் பார்க்கிற நெஞ்சு அவளுக்கு இல்லை. ஒரு தரம்தான். இன்றைக்கா, சனிக்கிழமையா?

அந்த நாடகம் அவளுடைய கதை.

போன மாரிகாலத்தில், இங்கே வந்து சேர்ந்த அகதிகளைப் பற்றி நாடகம் போடப் போகிறோம், உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று ஊர்சுலா கேட்டாள். மனோகரி சொன்னாள், யோகராஜா மொழிபெயர்த்தான், ஒரு டேப் ரெக்கார்டர் சுற்றிக்கொண்டிருந்தது.

மகன் இரவீந்திரன். மத்தியானச் சோற்றைக் கோப்பையில் போட்டு வைத்திருந்தாள். "இந்தா வாறன் அம்மா, வந்து சாப்பிடுறன்" என்று சைக்கிளை எடுத்தான். சந்தியில் ஆமிக்காரர் நின்றார்கள் என்று பிறகு அறிந்தாள். சைக்கிள் மட்டும் கிடைத்தது. அது எண்பத்துநாலாம் ஆண்டு. இது எண்பத்தேழு.

சோறு?

அன்று இரவு முழுக்க மூடியே வைத்திருந்ததையும் சொன்னாள். யோகராஜா அந்த இடத்தில் மட்டும் மொழிபெயர்க்க நேரம் எடுத்தான்.

இப்போது அவளாக நடிப்பவள் ஒரு வெள்ளைக்காரி. பொட்டை நெற்றி உச்சியில் வைக்கிறாள். இரவீந்திரனாக நடிப்பவன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இத்தாலிக்காரப் பொடியன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மட்டும் நிசம். வாசனை அரங்கத்தின் கடைசி வரிசை வரை போகவேண்டும் என்று ஊர்சுலா கேட்டிருந்தாள். மனோகரிதான் தினமும் சமைத்து, தாய்க்கு ஒன்று மகனுக்கு ஒன்று என்று இரண்டு கோப்பைகளில் போட்டு மூடி வைக்கிறாள்.

புருஷன் பத்மநாதன் எந்த நாளும் வரமாட்டார். காலையில் சப்பாத்துப் போட்டபடியே சொல்லிவிட்டார்.

"என்ரை பிள்ளையை நான் டிக்கெட் எடுத்துப் பார்க்கோணுமோ?"

அவர் கதவை மெல்லத்தான் சாத்திவிட்டுப் போனார்.

வெளியே மழை பிடித்திருந்தது. குடையை உதறிக்கொண்டு ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதல் மணி அடித்தது.

ஊர்சுலா மறுபடியும் குசினிக்குள் தலையை நீட்டி, யோகராஜாவிடம் ஏதோ சொல்லிவிட்டு ஓடினாள்.

"சமையல் விசயம் அக்கா. சனிக்கிழமையில இருந்து தாயின்ரை கோப்பைக்கு மட்டும் கறி போட்டாப் போதுமாம். மற்றக் கோப்பையில சோத்தைப் போட்டு மூடி மட்டும் வைக்கட்டாம்." அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். "கடைசிக் கட்டத்தை மாத்திப்போட்டினமாம். உண்மையில நடந்த மாதிரியே இருக்கோணும் எண்டு எல்லாரும் சொல்லிப்போட்டினமாம். இண்டைக்கு மட்டும் பழையபடி. பாத்தியளோ, இன்னும் திருத்தி முடியேல்லை. அதுதான் சொல்லுறன், சனிக்கிழமை வாங்கோ."

மனோகரி ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"சனிக்கிழமை சாமி ஏறிடும், தம்பி. பிறகு ஒருத்தராலும் ஒண்டும் மாத்தேலாது."

அவனுக்கு அது பிடிபடவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

அவள் வேலை உடுப்போடு உள்ளே போய்க் கடைசி வரிசையில் இருந்தாள். மேடையில் ஒரு மேசை, ஒரு பொய்க் கதவு, மூடி வைத்த இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகள். குழம்பு வாசனை கடைசி வரிசை வரை வந்தது.

அவளுக்கு ஜெர்மன் தெரியாது. ஒத்திகையில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று இதுவரை ஒரு சொல்லும் விளங்கியதில்லை. ஒத்திகை நேரம் மேடைப் பக்கம் அவள் போனதும் இல்லை.

ஆனால் கோப்பை கழுவியது அவள்தானே.

இந்தக் கிழமை முழுக்க அந்த இரண்டாவது கோப்பையும் எச்சிலாகவே குசினிக்கு வந்தது. ஒரு பருக்கை மிச்சம் இல்லாமல், குழம்பை விரலால் வழித்து, பசியோடு வந்த பிள்ளை சாப்பிட்ட கோப்பை.

விளக்கு அணைந்தது.

மனோகரி அந்தப் பொய்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.