வாசலில் கழற்றியது

தரையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தால் ஊரில் பார்க்கவேண்டிய எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு மகள் வேலைக்குப் போய்விட்டாள். அந்த ஜெர்மன் நகரத்தின் நடைபாதையில் தீட்டியிருந்த கோடு மணிக்கூண்டு, அரண்மனை, பழைய சந்தை என்று கோமதியையும் கணவர் சிவசைலத்தையும் இழுத்தடித்து, போரில் குண்டு விழுந்து கூரை போன ஒரு தேவாலயத்தில் கொண்டுவந்து விட்டது. கோமதி பழக்கதோஷத்தில் ஷூவை வாசற்படியில் கழற்றி வைத்தாள். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்கவே மனமில்லை. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

வெளியே வந்தபோது ஷூவுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைப் பூக்கள். ஊன்றுகோலோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி தலைகுனிந்து நின்றாள். அந்த ஷூ, போரில் செத்தவர்களின் நினைவாக யாரோ வைத்துப்போனது என்று நினைத்துவிட்டாள் போல.

“ஏளா, எடுத்து மாட்டிட்டு வா. இன்னும் பாதி ஊர் கெடக்கு,” என்றார் சிவசைலம்.

“சும்மா இருங்க. அவ அழுதுட்டு நிக்கா.”

கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கோமதி தன் வெறுங்காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.