சீரம் சேர்க்காத குடுவை

“ஞாயித்துக்கிழமையும் ஆய்வுக்கூடமா? குடுவையில கெடக்குற அந்தப் புத்துநோய் செல்லுக்கு இருக்குற மவுசு இந்த வீட்டுல எனக்கு இல்ல,” என்றாள் ராக்கம்மை. கல்யாணமாகிச் சைகோனுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு இதே வயிற்றெரிச்சல்தான்.

“இன்னைக்குத் திரவம் மாத்தாட்டிச் செத்துப்போகும் ராக்கு,” என்றபடி முத்தையா ஹெல்மெட்டை எடுத்தான்.

“ஒங்ககூட வேலை பாக்குற லான்கிட்டக் கேட்டேன். மத்தவுகள்லாம் கன்னுக்குட்டி ரத்தத்துல எடுத்த சீரத்தை ஊத்திட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிர்றாகளாம். நீங்க மட்டுந்தான் சீரம் இல்லாம வளக்குறேன்னு அதுக்குக் காவல் கெடக்குறீகளாம். அந்தச் சீரத்தை ஊத்தித் தொலைச்சா என்ன?”

முத்தையா வாசலிலேயே நின்றான்.

“ஊத்தலாம். ஆனா அது தெய்வானையோட ரத்தத்துலேருந்து எடுத்த செல்லு. அவ கடைசிவரைக்கும் முட்டைகூடத் தொட்டதில்ல.”

சொல்லிவிட்டு அவன் கிளம்பிப் போனான்.

கூடத்துச் சுவரில், ரத்தப் புற்றுநோயில் போன அவனுடைய முதல் மனைவி தெய்வானையின் படம் தொங்கியது. செத்துப்போனவள் என்று நம்பித்தான் ராக்கம்மை இத்தனை நாளும் அதற்குப் பூ வைத்து வந்தாள்.