எட்கார் கையில் கடிகாரம்

"மூடியை மூடாதீங்க! எட்கார் சாகல!"

கான்ஸ்தான் கத்திய கத்தலில், சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிய ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் லேசில் பதறுகிற ஆள் இல்லை. எங்கள் சாந்தியே ஊரின் பெரிய கடிகாரத் தொழிற்சாலையில் எது தேறும், எது தேறாது என்று முடிவு சொல்கிறவரே அவர்தான்.

"கையைப் பாருங்க, முள்ளு ஓடுது!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எட்கார் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து தானே செய்த கடிகாரம் அவருடைய இடது மணிக்கட்டில் இருந்தது. நொடிமுள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மணியும் சரியாகவே காட்டியது.

வேறு ஊராக இருந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. எங்கள் ஊரில் சாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கடிகாரம் செய்கிறவர்கள். அப்போது பேட்டரிக் கடிகாரமெல்லாம் வரவில்லை. கை அசைய அசைய, இந்த வகைக் கடிகாரம் தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும். அசைவு நின்றால் இரண்டு நாளில் நின்றுவிடும். எட்கார் இறந்தது சனிக்கிழமை. அன்று புதன்.

"யாராவது கழட்டி மாட்டிக்கிட்டீங்களா?" என்று அதட்டினார் கான்ஸ்தான்.

"படுக்க வெச்சதுலேருந்து அந்தக் கையை யாரும் தொடல," என்றாள் எட்காரின் மனைவி ஒதெத்.

"அப்போ அவனேதான் அசைச்சிருக்கான்! டாக்டரைக் கூப்பிடுங்க!"

கான்ஸ்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சேக்காளிகள், தினமும் காபிக் கடையில் சண்டை போடுகிறவர்கள். "டேய், எழுந்திருடா! போதும் உன் வேஷம். இனிமே நீ என்ன சொன்னாலும் தலையாட்டறேன்டா!"

கடைசி வரிசையிலிருந்து டாக்டர் கோலே எழுந்து வந்தார். நாடி பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்தார்.

"சனிக்கிழமை எப்படிச் செத்திருந்தாரோ, அப்படியேதான் இருக்காரு."

"பின்னே இது எப்படி ஓடும்? இந்த அளவுல எந்தக் கடிகாரமும் ரெண்டு நாளைக்கு மேல ஓடாது. இன்னொரு தடவை நல்லாப் பாருங்க, டாக்டர்!"

டாக்டரும் சாந்தியேக்காரர்தானே. மறுபடி குனிந்தார்.

ஒதெத் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஆட்டாம வெச்சாலும் ஒரு வாரம் ஓடும்னு இதை எடுத்துக்கிட்டு உங்க ஆபீஸ் வாசல்ல வருஷக்கணக்கா வந்து நின்னாரு. கையில வாங்கிக்கூடப் பாக்காம திருப்பி அனுப்பினீங்க."

கான்ஸ்தான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியெல்லாம் ஓடவே ஓடாது, ஒதெத். அவன் உயிரோடதான் இருக்கான்."

"செத்தவர் பொழைச்சுட்டார்னுகூட நம்புவீங்க, அவர் சொன்னதை மட்டும் நம்ப மாட்டீங்க."