ஏழாவது ஸ்லைடு

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அமலதாஸின் மகள் செரினுக்கு, மூன்றாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ என்று பத்து ஸ்லைடு செய்துவரச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய அம்மா ரோஸ்லின், செரினுக்கு ஐந்து மாதமாக இருந்தபோதே இறந்துபோனாள். வீட்டில் ரோஸ்லினின் படங்கள் நான்குதான் இருந்தன.

பள்ளிக்கூடம் கொடுத்த டேப்லெட்டில் செரின் வீட்டுப் படங்களையெல்லாம் ஏற்றினாள். “அம்மா இல்லாத படங்களில் அம்மாவைச் சேர்க்கட்டுமா?” என்று அதிலிருந்த ஏஐ கேட்டது. அவள் சரி என்றாள்.

சாயங்காலம் வேலைவிட்டு வந்த அமலதாஸை இழுத்து உட்காரவைத்துக் காட்டினாள். முயல்தீவுக் கடற்கரையில் ரோஸ்லின் சிரித்தாள். மகளின் பிறந்தநாளில் கேக் ஊட்டினாள். ஏழாவது ஸ்லைடில், பள்ளிக்கூடத்தின் முதல் நாளன்று, அழுகிற செரினை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

அமலதாஸுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பிள்ளையின் கண்ணீரில் சட்டை நனைய, மத்தியானம்வரை அந்த வாசலில் நின்றவன் அவன்தான்; ஸ்லைடில் அவன் இல்லை.

“எனக்கு இப்பதான் ஞாபகம் வருதுப்பா. அம்மா எனக்கு கடலைமிட்டாய் வாங்கிக் குடுத்தாங்கல்ல?”

அதுவும் அவன் வாங்கிக் கொடுத்ததுதான். சொல்ல வாயெடுத்தவன், மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“அன்னைக்கு நீங்க எங்கப்பா போனீங்க?”

“டூட்டிக்குப் போயிட்டேன்மா.”

செரின் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“பரவால்லப்பா. அதான் அம்மா வந்தாங்கல்ல.”